பதினேழாம் எண் தட்டு

இல்லை, வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் உங்கள் தகரப் பெட்டியின் சாவியை வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான்.

பெட்டியைத் திறந்ததும் சாக்கு வாடை. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்த கோணிச் சாக்கின் வாடை. அதற்குள் மண், பழைய தண்ணீர், எங்கோ கொஞ்சம் கொத்தமல்லி. ட்ராம்பே பக்கத்து உர ஆலையின் நெடிதான் செம்பூரில் இப்போது எல்லாக் காலையும். அதையும் தள்ளிக்கொண்டு இது வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பால்காரன் என்னைத் தாண்டிப் போனான்.

நாளைக் காலை கண்காட்சி.

நேற்று மாலை சங்கத்துச் செயலாளர் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே பேசினார்.

"அவ போனப்புறம் வேற யார் இருக்கா, சொல்லு. நீதான் எப்பவும் அவளோட சுத்திண்டிருந்தே. எம்.ஏ. வேற படிச்சிருக்கே. நடுவர் வந்தா நாலு வார்த்தை இங்கிலீஷ்ல பேச ஆள் வேணுமா, வேண்டாமா?"

உங்கள் பெட்டிச் சாவியை என் கையில் வைத்தார். படி இறங்கும்போது, மறந்து போனதைச் சொல்வது போல, "இந்தத் தடவை பந்தல் சின்னது. தாராவிக்காரா மேசையை கேட்டுக்கு வெளியில போட்டுடப்போறோம். நிழல் இருக்கு அங்கே. நீ ஒண்ணும் ரகளை பண்ணாதே" என்றார்.

"அங்கே நிழல் கிடையாது மாமா."

"காலம்பற இருக்குமே."

காலையில் அங்கே எத்தனை நாழி நிழல் என்று உங்களுக்குத் தெரியும். கீரைக்கு அது போதாது என்றும் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது. கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் தட்டில் வைத்து எண் போட்டுப் பரிசு கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையே இருந்ததில்லை. இதை உங்களிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல.

நீங்கள் கோபித்துக்கொண்டதில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

*

பள்ளிக்கூட மைதானம். மூங்கில் பந்தல். பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய நீள மேசைகள், அவற்றின் மேல் வெள்ளைத் துணி, துணி மேல் பீங்கான் தட்டுகள். மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நம்மவர்கள் பால்கனியில், கட்டட முற்றத்தில், வனஸ்பதி டின்னில் வளர்த்ததைக் கொண்டுவருவார்கள். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கும் காலத்தில் ஒரு புடலங்காய்க்கு இருந்த மரியாதையே வேறு. அதன் நுனியில் கல்லைக் கட்டி நேராக்கிய பெருமை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலுக்குள் நடந்து வரும்.

தட்டில் பெயர் கூடாது. எண் மட்டும். யார் வளர்த்தது என்று நடுவருக்குத் தெரியக்கூடாது. அது அந்தக் கண்காட்சியின் வழக்கம். உங்கள் டைப்ரைட்டரில் அடித்த எண் அட்டைகள்.

பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் நாள் முழுவதும் டைப் அடிப்பீர்கள். சனிக்கிழமை மத்தியானம் ரயிலிலிருந்து இறங்கி நேராக மைதானத்துக்கு. சங்கத்தில் உங்களுக்குப் பதவி எதுவும் கிடையாது. கமிட்டிக்காரர்களுக்கு நீங்கள் 'டைப்பிஸ்ட் மாமி'. "கல்யாணமே ஆகலை, மாமி ஆக்கிட்டா. ஒரு செலவு மிச்சம்" என்று நீங்கள் சொன்னபோது நான் சிரித்தேன். நீங்கள் சிரித்தீர்களா என்று இப்போது ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். முகம் வரவில்லை. கைதான் வருகிறது. வாளியிலிருந்து தண்ணீரை அள்ளிச் சாக்கின் மேல் தெளிக்கும் கை.

உங்கள் வேலை அதுதான். முந்தின நாள் வந்து சேரும் காய்களும் கீரைகளும் வாடாமல் காலை வரை வைத்திருப்பது. எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் உங்கள் வீடு. பின் வராந்தாவில் சாக்கை விரித்து, காய்களை வைத்து, மேலே இன்னொரு ஈரச் சாக்கு. அது காயக் காய மறுபடி தண்ணீர்.

"ஞாயித்துக்கிழமையை இப்படிக் கத்தரிக்காய்க்குக் கொடுக்கறேளே அக்கா, எதுக்கு?" என்று கேட்டேன். அந்த நாட்களில் நான் எல்லாவற்றுக்கும் எதுக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவைக் கேட்டேன். கடவுளைக் கேட்டேன். கண்ணாடியைக் கேட்டேன்.

"ஆபீஸ்ல நான் அடிக்கற லெட்டர் எதுவும் வாடாதுடீ. இது வாடும்."

இது பதிலா என்று பல நாள் யோசித்தேன். இப்போதும்.

*

தாராவிக்காரர்கள் எப்படி வந்தார்கள் என்பதைச் செயலாளர் மாமா வேறு மாதிரி சொல்கிறார். சங்கமே பெரிய மனதோடு கூப்பிட்டதாம்.

கூப்பிட்டது நீங்கள். சயான் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருவர் மடியில் முருங்கைக்கீரையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எங்கே வளத்தேள்?" என்று கேட்டீர்கள். தோல் பதனிடும் இடத்தில் வேலை, குடிசைக்குப் பின்னால் ரயில் தண்டவாளம் வரைக்கும் கொஞ்சம் மண், திருநெல்வேலிப் பக்கத்து ஊர். செல்லையா. இறங்குவதற்குள் அவரைக் கண்காட்சிக்கு அழைத்துவிட்டீர்கள். அடுத்த தை மாதம் அவரோடு இன்னும் சிலர் வந்தார்கள்.

கமிட்டி அவர்களுக்குத் தனி மேசை என்றது. எண் வரிசை ஒன்றுதான். மேசை மட்டும் வேறு. பெயரை மறைப்பவர்களுக்கு இது எப்படித் தோன்றியதோ. அந்த மேசை கடைசியில் போகும். பிறகு ஓரத்துக்குப் போகும். பிறகு தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சேற்றில்.

கூட்டத்தில் நீங்கள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். விடியலில் மைதானத்துக்குப் போய் மேசையைத் தூக்கிப் பந்தலுக்குள் போட்டுவிடுவீர்கள். கமிட்டி வரும்போது வெள்ளைத் துணி விரித்திருக்கும், தட்டுகள் வைத்திருக்கும். எடுக்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. வருஷா வருஷம். அவர்கள் வெளியே போடுவார்கள். நீங்கள் உள்ளே.

"கூட்டத்துலயே சொல்லலாமே" என்பேன்.

"சொன்னா தீர்மானம் போடுவா. தீர்மானம் போட்டா மேசை நிஜமாவே வெளியில போயிடும்."

எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. நான் படித்த புத்தகங்களில் மனிதர்கள் எழுந்து நின்று பேசினார்கள்.

*

இனி அகத்திக்கீரை.

அந்த வருஷம் கண்காட்சி மார்கழியிலேயே வந்துவிட்டது. யாருமே பஞ்சாங்கம் பார்க்கவில்லை. சனிக்கிழமை வைகுண்ட ஏகாதசி. ஞாயிறு துவாதசி. ஏகாதசி விரதத்தை முடித்துச் சாப்பிடும் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை வேண்டும். பம்பாயில் அகத்திக்கு எங்கே போவது? மாட்டுங்கா மார்க்கெட்டில் விடியுமுன் வந்து விடியுமுன் தீர்ந்துவிடும். உங்கள் அம்மா முதல் நாள் முழுவதும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பட்டினி. நெல்லிக்காய் கிடைத்திருந்தது. கீரை கிடைக்கவில்லை.

சனி மாலை செல்லையா ஒரு கட்டு அகத்தி கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தார். ரயில் புகையிலும் தோல் தொட்டித் தண்ணீரிலும் அப்படி ஒரு பச்சை எப்படி வந்தது என்று நான்கூடத் தொட்டுப் பார்த்தேன். அதற்குப் பதினேழாம் எண். வராந்தாவில் சாக்குக்கு அடியில் வைத்தீர்கள்.

ஞாயிறு நாம் இருவரும் இருட்டோடு மைதானத்துக்குப் போய் மேசைகள் போட்டோம். தாராவி மேசையை உள்ளே நகர்த்தினோம். திரும்பி வந்து வராந்தாவில் ஒவ்வொன்றாகக் கூடையில் எடுத்து வைத்தபோது பதினேழு இல்லை.

சமையலறையிலிருந்து தேங்காயும் உளுத்தம்பருப்பும் தாளித்த வாசனை.

அம்மா இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டு முடித்த முகம். ஒரு நாள் பசி தீர்ந்த முகம் எவ்வளவு இளமையாக இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"எங்கேடீ பிடிச்சே இந்தக் கீரையை? சொல்லாமக் கொள்ளாம வாங்கி வெச்சிருக்கே! பெருமாளே கொண்டுவந்து வெச்ச மாதிரி இருந்தது."

நீங்கள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு வாயிலேயே நின்றுபோயிற்று.

மைதானத்தில் செயலாளர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"பசு தின்னுடுத்துன்னு சொல்லிடு. அகத்திதானே? பசு தின்னா புண்ணியம். அந்த மனுஷனும் சந்தோஷமாப் போயிடுவான்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாவை நினைச்சுப் பாரு. துவாதசியும் அதுவுமா, யாராத்துக் கீரைன்னு தெரிஞ்சா அவா என்ன ஆவா?" என்றார்.

நல்ல பொய். நம் ஊரில் ஒருவரும் சந்தேகப்படாத பொய். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

நீங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனீர்கள். வாணலியில் மீந்திருந்த கறியைக் கொண்டுவந்தீர்கள். தாராவி மேசையில், முருங்கைக்கீரைக்கும் பீர்க்கங்காய்க்கும் நடுவே, பதினேழாம் எண் தட்டில் அதை வைத்தீர்கள். அட்டையை நேராக நிறுத்தினீர்கள்.

நடுவர் ஒரு மராத்திக்காரர், விவசாயக் கல்லூரியில் வாத்தியார். குனிந்து பார்த்தார்.

"யே க்யா ஹை, பாயி?" இது என்ன அம்மா என்று கேட்டார்.

நீங்கள் உங்கள் ஆபீஸ் ஹிந்தியில் சொன்னீர்கள். இது தாராவி செல்லையா வளர்த்த கீரை. என் பொறுப்பில் இருந்தது. என் அம்மா சமைத்துச் சாப்பிட்டுவிட்டாள். அவர் இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தலையை ஆட்டினார். அடுத்த தட்டுக்குப் போனார். பரிசு இல்லை.

அன்று முழுவதும் அந்தத் தட்டு அங்கேயே இருந்தது. கறி காய்ந்து கறுத்தது. ஈ வந்தது. ஓட்டினீர்கள். வந்தவர்கள் எல்லாரும் அங்கே வந்ததும் நின்றார்கள், சிரித்தார்கள். "என்ன மாமி, இனிமே சமையல் போட்டியா? அடுத்த வருஷம் நான் அவியல் கொண்டுவரட்டுமா?" கேட்ட ஒவ்வொருவரிடமும் நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொன்னீர்கள். அதே வார்த்தைகள், அதே குரல். செல்லையா வளர்த்தது. என் பொறுப்பு. எங்கம்மா சமைச்சுட்டா. பெயரே சொல்லக்கூடாத பந்தலில் அன்று ஒரே ஒரு பெயர் காலையிலிருந்து மாலை வரை கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. போதும் அக்கா, எடுத்துடலாம் என்று உங்கள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ போய் சாக்குக்குத் தண்ணி தெளி."

செல்லையா பத்து மணிவாக்கில் வந்தார். மனைவியோடு. அந்த அம்மாள் தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தாள். தட்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி தட்டை. நீங்கள் சொன்னீர்கள். அவருக்கும் அதே வார்த்தைகள்.

"மாடு தின்னுதுன்னாக்கூட சரின்னு போவேன். நம்பிலா குடுத்தேன் ஒங்ககிட்ட?"

"ஆமாம்."

"பெறவு எப்படி நான் இன்னொரு மட்டம் குடுக்க?"

மன்னிச்சுக்கோங்கோ என்று ஒரு தடவை சொன்னீர்கள். அதற்குமேல் நீட்டவில்லை. அவருடைய மனைவி மேசைக்குக் கிட்டே வந்து குனிந்து முகர்ந்தாள்.

"வெரதம் இருந்த கெழவி தின்னுருக்காவ. இதுக்குப் போயி சும்மா காலி பீலி சண்ட போடுதீகளே!" பிறகு உங்களைப் பார்த்து, "தேங்கா கூடிப்போச்சுக்கா. இதுக்கு அவ்வளவு போடப்படாது."

செல்லையா சிரிக்கவில்லை. ஆனால் போகவுமில்லை. மேசைக்குப் பக்கத்தில், யாராவது கேட்டால் "இது நான் வளத்தது" என்று சொல்கிற தூரத்தில், பந்தல் பிரிக்கும் வரைக்கும் நின்றார்.

*

உங்கள் அம்மா விஷயம் தெரிந்ததும் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டாள். ரொம்ப நாள் உங்களோடு பேசவில்லை. கமிட்டி உங்கள் வீட்டில் காய்கறி வைப்பதை நிறுத்தியது. பள்ளிக்கூட அறையில் வைக்கச் சொன்னது. நீங்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட அறைக்குப் போனீர்கள்.

பிறகு ஒரு துவாதசி. நெல்லிக்காய்ப் பச்சடி மட்டும் இருந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, "அந்தக் கீரை மறுபடி கிடைக்காதோ" என்று அம்மா கேட்டாளாம். நீங்கள் எனக்கு அதைச் சொன்னபோதுதான் முதல் தடவையாக உங்கள் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டேன். படிக்கட்டு முழுவதும் கேட்டது.

அடுத்த கண்காட்சிக்குச் செல்லையா இரண்டு கட்டுக் கொண்டுவந்தார். ஒன்று மேசைக்கு. அதன் பக்கத்தை விட்டு அவர் நகரவேயில்லை, டீ குடிக்கக்கூட. "ஒங்க வீட்டுப் பக்கம் மட்டும் இத அனுப்பமாட்டேன்க்கா." இன்னொன்று கெழவிக்கு. அன்றிலிருந்து மாதம் இரண்டு தடவை, ஏகாதசி மாலை, ஷிப்ட் முடிந்து வரும் வழியில் வாசலில் ஒரு கட்டு.

அம்மா படியில் வைக்கச் சொல்வாள். தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வாள். ஒரு நாளும் உள்ளே வா என்று சொன்னதில்லை.

இதை என்னால் பொறுக்க முடியவில்லை. உங்களிடம் கத்தினேன். "ஊர் பூரா மேசையை உள்ளே தள்றேள். உங்க வாசல்ல அவர் வெளியில நிக்கறார். இதுக்கு என்ன அர்த்தம்?"

நீங்கள் ரொம்ப நேரம் எண் அட்டைகளைச் சரிபார்த்தீர்கள்.

"மேசைன்னா விடியறதுக்குள்ள தூக்கி உள்ளே வெச்சுடலாம். அம்மாவை எப்படிடீ தூக்கறது?"

நான் அந்தப் பதிலை ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதும் இல்லை. செத்துப்போனவர்கள் சொன்னது எல்லாம் சரி என்று எழுதுகிற மடல் இது அல்ல. நீங்கள் அவரை உள்ளே கூப்பிட்டிருக்க வேண்டும். ஒரு தடவையாவது. நாற்காலி உங்களுடையது, சம்பளம் உங்களுடையது.

ஆனால் நான்? நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலும் நாற்காலி இருந்தது.

*

ஆனி மழையில் போனீர்கள். தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் இல்லை. நான் ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தேன். நனைந்த புடவையோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். எதுக்கு என்பதற்கு ஒரு பதில்.

"சாக்கு மக்கிடும். வெயில் வந்தா உலர்த்து."

கோபம் வந்தது. இதற்கா நடந்து வந்தேன் என்று. வெயில் வந்தபோது உலர்த்திப் பெட்டியில் வைத்தேன். சங்கத்துச் சாமான் என்று சாவியைச் செயலாளர் மாமா வாங்கிக்கொண்டு போனார்.

அம்மாவை உங்கள் அண்ணா நாக்பூருக்கு அழைத்துப் போய்விட்டார். டாக்ஸியில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கே அகத்தி கிடைக்குமோடீ?" என்றாள். யாரிடம் கேட்கிறாள் என்று தெரியவில்லை. அழுதது நான்தான்.

செல்லையா ஏகாதசிகளில் இந்தத் தெருவுக்கு வருவதில்லை இப்போது. நேற்று பகல், செயலாளர் மாமா வருவதற்கு முன்பே, நான் தாராவிக்குப் போனேன். அவருக்குத் தெரியாது. குடிசைக்குப் பின்னால் அகத்தி கூரைக்கு மேல் போய்விட்டது.

"கொண்டாரணுமாக்கா?" என்று கேட்டார். என்னை அவர் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல். "அந்த அக்கா இல்லாம மேசைய எங்கன போடுவாக?"

தெரியாது என்றேன். அது உண்மை.

"எங்கன போட்டாலும் கொண்டாருவேன். பக்கத்துல நான் நிக்கணும், அவ்வளவுதான்."

இந்தப் படியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சாக்கு மடியில். உங்களைப் போல என்னால் இருக்க முடியாது. கூட்டத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு சும்மா உட்கார என்னால் ஆகாது. கேட்டவர்களுக்கெல்லாம் அதே வார்த்தைகளை நாள் முழுவதும் சொல்லவும் ஆகாது. எனக்கு இந்த ஊரை விட்டுப் போக வேண்டும். இந்தச் சங்கம், இந்த மாமாக்கள், யாராத்து என்ற இந்தக் கேள்வி. எல்லாவற்றையும் விட்டு. கால் இங்கே நிற்கமாட்டேன் என்கிறது.

நாளை வெயில் ஏறும்போது அந்தக் கீரை கேட்டுக்கு வெளியே இருக்கும். அது வாடும். இந்த ஒரு நினைப்பு மட்டும் கால் போகிற இடமெல்லாம் கூட வருகிறது.

*

மறுநாள். இருட்டோடு மைதானத்துக்குப் போனேன். மேசை சொன்னபடியே கேட்டுக்கு வெளியே போட்டிருந்தது. ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். தனியாக நகர்த்த முடியவில்லை. குழாயடியில் சாக்குகளை நனைத்தேன். செல்லையா வந்ததும் கீரைக்கட்டை அவற்றின் மேல் வைக்கச் சொன்னேன். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மேசையைப் பந்தலுக்குள், முதல் வரிசையில் போட்டோம். செயலாளர் மாமா வந்தபோது துணி விரித்துக்கொண்டிருந்தேன். வந்துவிட்டேன் மாமா என்று சொன்னேன்.